பனிக்காலக் கையுறையோடு கைத்துப்பாக்கி: எங்கே சிக்கும், எதை மாற்றணும்?

பனிமூட்டம் எழுதியது:

அமெரிக்காவின் மினசோட்டாவில் கேரி பெர்மிட் (கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லும் அனுமதி) இருக்கிறது. துப்பாக்கி க்ளாக் 43எக்ஸ், ஒல்லியான சின்ன பிஸ்டல். வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால், பேன்ட்டுக்கு உள்ளே வைக்கும் கைடெக்ஸ் (கெட்டிப் பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை. கோடையில் ஒரு சட்டையைத் தூக்கினால் போதும். ஜனவரியில் சட்டை, அதன் மேல் ஃப்ளீஸ், அதற்கும் மேல் தொடை வரைக்கும் தொங்கும் பார்கா. கையில் 150 கிராம் தின்சுலேட் (குளிர் தடுக்கும் செயற்கைப் பஞ்சு) வைத்துத் தைத்த தோல் கையுறை.

கேள்விகள் மூன்று. இந்தக் கையுறையோடேயே ட்ரிகரை (சுடும் விசையை) தொடலாமா, கழற்றித்தான் ஆகணுமா? கோட்டை எப்படி விலக்குவது? திரும்ப ஹோல்ஸ்டரில் வைக்கும்போது எதைக் கவனிக்கணும்?

---

குறிஞ்சி (நெறியாளர்) எழுதியது:

இழை நீளும் என்று தெரிகிறது, அதனால் சட்ட விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மினசோட்டா பெர்மிட் 18 வயது நிறைந்தவர்களுக்கு ஷெரிஃப் அலுவலகம் தருவது (முன்பு 21; 2024 நீதிமன்றத் தீர்ப்பு அதை நீக்கியது). பயிற்சிச் சான்று வேண்டும். 5 ஆண்டு செல்லும். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்கள் கவனிக்க: கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துமா என்று வக்கீலிடம் கேளுங்கள், இங்கே கேட்காதீர்கள். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. டொராண்டோ வாசகர்களுக்கு இந்த இழை வெறும் வாசிப்புக்குத்தான்: அங்கே மறைத்து எடுத்துச் செல்ல அனுமதி கிடைப்பது அபூர்வத்திலும் அபூர்வம், 2022 அக்டோபரிலிருந்து கைத்துப்பாக்கி விற்பனைக்கே முடக்கம்.

---

தோல்பை எழுதியது:

முதல் கேள்விக்கு: 150 கிராம் கையுறையோடு 43எக்ஸ் ட்ரிகரைத் தொடாதீர்கள்.

கணக்கு எளிது. தோலும் பஞ்சும் சேர்ந்து 3 மி.மீ. கனம் என்றால் விரலின் குறுக்களவு 6 மி.மீ. கூடுகிறது. ட்ரிகர் கார்டுக்குள் (ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையத்துக்குள்) விரல் நுழையும்போதே அது ட்ரிகரின் முகத்தை உரசிப் பின்னால் தள்ளும். சுடுவதென்று நீங்கள் இன்னும் முடிவே செய்யவில்லை, ட்ரிகர் பாதி தூரம் போயிருக்கும். க்ளாக்கில் ட்ரிகர் நடுவே ஒரு சின்ன நாக்கு இருக்கிறதே, அது காப்பாற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். பக்கவாட்டில் படும் உரசலையும், கீழே விழுந்தால் வரும் அதிர்ச்சியையும் அது தடுக்கும், அவ்வளவுதான். நேராக முன்னாலிருந்து அழுத்துவது விரலா, கையுறை நுனியா, கோட்டு நாடாவா என்று அதற்குத் தெரியாது.

இன்னொன்று கையுறை விரலின் வெற்று நுனி. கடையில் "கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்" என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவோம். விரலுக்கு முன்னால் அரை அங்குலம் காலியாகத் தொங்கும். அந்த நுனி மடங்கி ட்ரிகருக்கும் கார்டுக்கும் நடுவே ஆப்பு மாதிரி உட்காரும். நுனியில் குறுக்குத் தையல் இருந்தால் இன்னும் மோசம். எதைத் தொடுகிறோம் என்பதே விரலுக்குத் தெரியாது.

வீட்டிலேயே சோதிக்கலாம். மேகசினை (தோட்டாப் பெட்டியை) எடுங்கள், சேம்பரைக் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையை) கண்ணால் பாருங்கள், வெறும் விரலால் தடவியும் பாருங்கள். தோட்டா எல்லாம் வேறு அறைக்குப் போகட்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் பிடித்து, அதன் பிறகு கையுறையை மாட்டுங்கள்:

1. விரலை ட்ரிகர் கார்டுக்குள் மெதுவாக நுழையுங்கள், அழுத்த வேண்டாம். பக்கத்திலிருந்து பாருங்கள். ட்ரிகர் அசைந்தால் அந்தக் கையுறை இந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. சோதனை அங்கேயே முடிந்தது.
2. அசையவில்லையென்றால் ஒருமுறை அழுத்திப் பின்னாலேயே பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்பின் ஓடும் பகுதியை) இழுத்து விடுங்கள். இப்போது விரலை மெல்லத் தளர்த்துங்கள். 'க்ளிக்' என்று ட்ரிகர் மீண்டும் கோர்த்துக்கொள்ளும் ஓசை கேட்கணும். கையுறை நடுவில் அடைத்துக்கொண்டால் ட்ரிகர் முன்னால் வராது, இரண்டாவது தடவை சுடாது.
3. இருபது தடவை செய்யுங்கள். ஒரே ஒரு தடவை தவறினாலும் தேறவில்லை என்றுதான் அர்த்தம்.

---

சுழல்_ஐந்து எழுதியது:

ரிவால்வர்காரர்களுக்கு இரண்டாவது சோதனைதான் உயிர்நாடி. ஸ்மித் அண்ட் வெசன் 642 மாதிரி சின்ன ஜே-ஃப்ரேமில் ட்ரிகர் நீண்ட தூரம் பின்னால் போய், அதே நீண்ட தூரம் முன்னால் திரும்பணும். முழுசா முன்னால் வந்தால்தான் சிலிண்டரைச் சுற்றும் கொக்கி அடுத்த பல்லைப் பிடிக்கும். கையுறை விரல் முன்பக்கக் கார்டில் முட்டிக்கிட்டா ட்ரிகர் முக்கால்வாசி வந்து நின்னுடும். அடுத்த தடவை இழுத்தால் இறுகிப் பூட்டிக்கும், இல்லேன்னா சிலிண்டர் ஒரு அறையைத் தாண்டிப் போயிடும். "ரிவால்வர் ஜாம் ஆகாது"ன்னு சொல்றவங்க பனிக்காலத்தில் இதை ஒரு தடவை செஞ்சு பார்க்கட்டும்.

ஆனா கோட்டுப் பையில் வைக்கணும்னா 642-க்கு ஈடு கிடையாது. தோட்டாவைத் தட்டுற சுத்தியல் உள்ளே மூடியிருக்கு, துணியில் மாட்டாது. குளிரில் கை பைக்குள் இருக்கிறதை யாரும் வித்தியாசமாப் பார்க்க மாட்டாங்க. கை ஏற்கனவே பிடியில் இருக்கும். ஆபத்து மிஞ்சி, எடுக்கவே நேரமில்லைன்னா பைக்குள்ளேயிருந்தே வேலை செய்யும். அதே இடத்தில் பிஸ்டல் இருந்தா ஒரு தடவைதான். ஸ்லைடு பின்னால் போகும்போது துணியைக் கடிச்சுக்கும், காலித் தோட்டா வெளியேற வழி இருக்காது.

பைக்கு விதி: அந்தப் பையில் துப்பாக்கியும் அதோட பாக்கெட் ஹோல்ஸ்டரும் மட்டும். சாவி, சில்லறை, டிஷ்யூ, லிப் பாம் எதுவும் கூடாது. முக்கியமா கழற்றின கையுறையை அந்தப் பையில் திணிக்கவே கூடாது. கையுறையோட அஞ்சு விரலில் ஏதாவது ஒண்ணு ட்ரிகரைத் தேடிப் போகும். கையுறை எப்பவும் எதிர்ப்பக்கப் பைக்கு.

---

செல்வி_டுலூத் எழுதியது:

சுழல் அண்ணா, பைக்குள் வைப்பதில் நீங்க சொல்லாத ஒரு ஓட்டை இருக்கு. கோட்டு கழற்றுற சமாச்சாரம். உணவகத்தில் நாற்காலி முதுகில் மாட்டுவோம், நண்பர் வீட்டில் எல்லார் கோட்டையும் ஒரு கட்டிலில் குவிப்பாங்க, பிள்ளைகள் அதே கட்டிலில் குதிச்சு விளையாடும். துப்பாக்கி உடம்பில் இல்லை, உடுப்பில் இருக்குன்னா அது உங்க கட்டுப்பாட்டில் இல்லை. கோட்டுப் பை வேணும்னா அது பெல்ட்டில் இருக்கிறதுக்கு மேல் இரண்டாவதா இருக்கணும், இல்லேன்னா கோட்டைக் கழற்றாத பயணங்களுக்கு மட்டும்.

பையோட வாய் அகலமும் பாருங்க. காலியான ரிவால்வரைப் பிடிச்சு, முஷ்டியோட, கையுறையோட வெளியே இழுங்க. வெறுங்கை நுழையுற பல பைகளில் கையுறை முஷ்டி வெளியே வராது. சாய்வா வெட்டின பையை விட மேலிருந்து திறக்கிற பை இன்னும் மோசம்.

---

வடகாற்று எழுதியது:

கோட்டைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. என் கணக்கில் பனிக்காலத்தில் நேரம் வீணாவது கையுறையால் இல்லை, கோட்டால்.

விலக்க வேண்டிய அடுக்குகளைக் குறைப்பதுதான் முதல் வேலை. சட்டையையும் ஃப்ளீஸையும் பேன்ட்டுக்குள் செருகிவிடுங்கள், துப்பாக்கி அவற்றுக்கு வெளியே இருக்கட்டும். அப்போது எடுப்பதற்கு விலக்க வேண்டியது பார்கா ஒன்றுதான். மூன்று அடுக்கும் துப்பாக்கிக்கு மேல் தொங்கினால், கையுறைக் கை மூன்றில் இரண்டைத்தான் பிடிக்கும். மூன்றாவது அடுக்கு துப்பாக்கியின் பிடிக்கும் கைக்கும் நடுவே வந்து மாட்டும்.

இரண்டாவது, ஜிப். கீழிருந்தும் திறக்கும் இருவழி ஜிப் உள்ள பார்காவாக வாங்குங்கள். வெளியே நடக்கும்போது கீழ் ஜிப்பை இடுப்பு வரை ஏற்றி வைத்தால் நெஞ்சு மூடியே இருக்கும், குளிர் ஏறாது, இடுப்பு மட்டும் திறந்திருக்கும். ஒருவழி ஜிப் என்றால் இடது கையால் கோட்டின் ஓரத்தை மொத்தமாக அள்ளி மார்பு வரை தூக்க வேண்டும். தொடை வரை வரும் பார்காவில் அது நிறையத் துணி. கையுறை விரலால் நுனியைக் கிள்ளாதீர்கள், முஷ்டியாக அள்ளுங்கள்.

திறந்த கோட்டை வலது கையால் பின்னுக்கு வீசுபவர்கள் வலது பையில் கொஞ்சம் கனமான பொருள் ஏதாவது போட்டு வைத்தால் கோட்டு வீசிய பக்கம் போகும். பஞ்சு நிரப்பிய இலேசான டவுன் ஜாக்கெட் வீசினால் போகாது, காற்றில் திரும்பி வந்து கையிலேயே மூடும்.

காருக்குள் வேறு கதை. சீட் பெல்ட் போட்டதும் பார்கா இடுப்பில் மடிந்து பக்கிளுக்கும் துப்பாக்கிக்கும் மேல் மேடாகக் குவியும். பெல்ட் போடும் முன்பு கோட்டின் வலது ஓரத்தைப் பின்னால் தள்ளிவிட்டு உட்காருங்கள். இல்லையென்றால் காரில் கோட்டைக் கழற்றிவிடுவதே நல்லது; தடித்த கோட்டின் மேல் சீட் பெல்ட் போடுவது விபத்திலும் சரியில்லை.

---

கிராண்ட்ராபிட்ஸ்_ராசா எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி எதுக்கு? கையுறையைக் கழற்றிப் போட்டுட்டு சுடுங்க. ஒரு செகண்ட் வேலை.

---

தோல்பை எழுதியது:

ராசா, கழற்றுவது சரியான விடைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கையுறை ஒரு செகண்டில் கழலும்? மணிக்கட்டில் வெல்க்ரோ பட்டை, உள்ளே எலாஸ்டிக், கோட்டுக் கையினுள் செருகிய நீளக் கை உள்ளது ஒரு செகண்டில் கழலாது. வியர்த்த கையில் உள்துணி விரலோடு ஒட்டித் திரும்பி வரும்.

கழற்றுவது என்று முடிவு செய்தால் வலது கைக்குப் பட்டை இல்லாத, குட்டையான, அரை அளவு தளர்ந்த கையுறை. நடுவிரல் நுனியைப் பல்லால் கடித்து இழுக்கலாம், இல்லை இடது அக்குளில் நுனியைக் கவ்வி இழுக்கலாம். ஆனால் இடது கை அப்போது கோட்டைத் தூக்க வேண்டியிருக்கிறதே, அதனால் பல்தான். கையை உதறினாலே பறந்துவிட வேண்டும் என்பதுதான் தர அளவுகோல். பறந்த கையுறையைக் குனிந்து தேடாதீர்கள், அது கிடக்கட்டும்.

இதிலும் இரண்டு அடுக்கு ஏற்பாடுதான் சிறந்தது. உள்ளே மெல்லிய மெரினோ கம்பளியோ ஆட்டுத்தோல் கையுறையோ. வெளியே விரல் பிரியாத தளர்ந்த மிட்டன். மிட்டனை உதறினால் சுடத் தகுந்த மெல்லிய கையுறையோடு கை மிச்சமிருக்கும். வெறும் தோல் உறைந்த இரும்பில் படாது.

---

செல்வி_டுலூத் எழுதியது:

ராசா தம்பிக்கு இன்னொரு பதில். வெறுங்கைன்னா நல்லா வேலை செய்யும்னு நினைக்கிறது சூடான வெறுங்கைக்குத்தான் பொருந்தும். கைத்தோல் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனா விரலோட நுணுக்கம் குறைய ஆரம்பிக்கும். 8 டிகிரி வாக்கில் தொடு உணர்வே மங்கிடும். அந்த விரல் ட்ரிகரைத் தொட்டிருக்கா இல்லையான்னு மூளைக்குத் தகவலே வராது. தடித்த கையுறையோட பிரச்சினை வெறுங்கையிலேயே வந்துடும். காற்றோடு சேர்த்து மைனஸ் 28 வாக்கில் உணரும் குளிரில் அரை மணிக்குள்ளே தோல் உறையலாம்.

அதனால் கையைச் சூடா வெச்சுக்கிறதும் துப்பாக்கிக் கையாளுதலில் ஒரு பகுதிதான். இரும்புத்தூள், உப்பு, கரி கலந்த சூட்டுப் பொட்டலத்தை மிட்டனுக்குள் புறங்கைப் பக்கமா வைங்க. உள்ளங்கைப் பக்கம் வெச்சா மிட்டனை உதறும்போது கையோடு ஒட்டி வரும், பிடியில் நடுவே மாட்டும். துப்பாக்கி இருக்கிற பையில் பொட்டலம் வேண்டாம்.

---

கிராண்ட்ராபிட்ஸ்_ராசா எழுதியது:

சரி, ஒத்துக்கிறேன். அப்போ மெல்லிய கையுறைன்னா எவ்வளவு மெல்லிசு? மெக்கானிக்ஸ் பிராண்ட் வேலைக் கையுறை போதுமா?

---

தோல்பை எழுதியது:

மெக்கானிக்ஸ் வகையில் உள்ளங்கை 0.5 மி.மீ. உள்ள மெல்லிய ரகம் இருக்கிறது. ட்ரிகர் உணர்வுக்கு அது நல்லது, வெறும் விரலுக்கு மிக அருகில். ஆனால் அது குளிருக்கான கையுறை இல்லை. மைனஸ் 5-க்குக் கீழே மிட்டனுக்கு உள்ளே போடும் அடுக்கு என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள். ஆட்டுத்தோல், மான்தோல் இரண்டும் மெல்லியதாக இருந்தும் காற்றைத் தடுக்கும். மான்தோல் நனைந்து காய்ந்தாலும் மிருதுவாகவே இருக்கும், மாட்டுத்தோல் விறைத்துவிடும். உள்ளங்கையில் ரப்பர் புள்ளி வைத்த பின்னல் கையுறையைத் தவிருங்கள்: பிடியில் ஒட்டுகிறது, கையைச் சரிசெய்ய விடாது, நூல் பிரிந்தால் ஸ்லைடில் மாட்டும்.

அளவு: ஆட்காட்டி விரல் நுனியில் துணி மடங்கவே கூடாது. மற்ற நாலு விரலில் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. கடையில் மாட்டிக்கொண்டு விரலால் ஒரு நாணயத்தை மேசையிலிருந்து எடுத்துப் பாருங்கள். எடுக்க முடிந்தால் ட்ரிகருக்கு ஆகும்.

தொடுதிரை நுனி வைத்த கையுறைகளில் ஆட்காட்டி நுனியில்தான் அந்த ஒட்டுத்துணி தைத்திருப்பார்கள். சரியாக ட்ரிகர் படும் இடத்தில் ஒரு தையல் மேடு. விற்பவருக்கு அது வசதி.

---

வடகாற்று எழுதியது:

கொஞ்சம் வரலாறு. கையுறைக்காக ட்ரிகரையே மாற்றியவர்கள் நிறைய. ஜெர்மானியர்கள் 1944-ல் கே98கே ரைஃபிளுக்கு வெளியிலிருந்து இயக்கும் 'குளிர்கால ட்ரிகர்' கூடு ஒன்றைச் செய்தார்கள். அமெரிக்க எம்16 ரைஃபிளில் ட்ரிகர் கார்டின் ஒரு முனையைக் கழற்றிக் கீழே மடக்கிவிடலாம், மிட்டனோடு விரல் போகும். பின்லாந்தின் ஆர்கே 62 ரைஃபிளும் இந்தக் குளிர்க் கணக்கை வைத்தே ட்ரிகர் கார்டு அமைத்தது.

---

கிராண்ட்ராபிட்ஸ்_ராசா எழுதியது:

அப்போ பிஸ்டலுக்கும் கார்டை வெட்டிட்டா?

---

வடகாற்று எழுதியது:

அதையும் ஒருவர் செய்தார். துப்பாக்கி செய்யும் கோல்ட் நிறுவனத்தில் இருந்த ஜே. ஹெச். ஃபிட்ஸ்ஜெரால்ட் ரிவால்வர் ட்ரிகர் கார்டின் முன்பாதியை அறுத்தெறிந்து, பைக்குள் வைக்கும் குட்டை ரிவால்வர்கள் செய்தார். அவர் பெயராலேயே ஃபிட்ஸ் ஸ்பெஷல் என்பார்கள். தயவுசெய்து பின்பற்றாதீர்கள். ரைஃபிள் தோளில் வெளியே தொங்குவது, சேஃப்டி (சுடாமல் தடுக்கும் பூட்டு) போட்டிருப்பது, மிட்டன் போட்ட சிப்பாய் சுடும் நேரத்தில் மட்டும் கார்டை மடக்குவான். துணிக்கு நடுவே, உடம்பை ஒட்டி, சேம்பரில் ரவுண்டோடு (தோட்டாவோடு) நாள் முழுக்க இருக்கும் கைத்துப்பாக்கிக்கு அந்த வளையம்தான் ஒரே வேலி.

கார்டை வெட்ட வேண்டாம், அகலமான கார்டு உள்ள துப்பாக்கியைத் தேர்வு செய்யலாம். ஹெக்லர் அண்ட் காக் 1993-ல் கொண்டுவந்த யுஎஸ்பி-யின் கார்டு கையுறைக் கைக்காகவே பெரிதாக வைத்தது. ஆனால் அது 43எக்ஸ் மாதிரி மறையாது. பார்கா போடும் மூன்று மாதத்துக்குப் பெரிய துப்பாக்கியும் மறையும் என்பது பனிக்காலத்தின் ஒரே சலுகை.

---

எண்ணெய்ச்சொட்டு எழுதியது:

துப்பாக்கி பழுது பார்க்கிற பக்கத்திலேர்ந்து சில விஷயம். கையுறையால வர்ற கோளாறுகளைப் பார்த்தா துப்பாக்கிக் கோளாறு மாதிரியே தெரியும். ஸ்பிரிங் மாத்துறதுக்கு முன்னால கையைப் பாருங்க.

கடைசி ரவுண்டுக்கு அப்புறம் ஸ்லைடு பின்னால் நிக்கலையா? கட்டைவிரல் கையுறை ஸ்லைடு ஸ்டாப் (ஸ்லைடைப் பின்னால் நிறுத்துற) நெம்புகோல் மேலே படுத்திருக்கு. நடுவிலேயே, தோட்டா இருக்கும்போதே நின்னுடுதா? அதே நெம்புகோலைக் கீழேயிருந்து கையுறை மேலே தள்ளியிருக்கு. ஸ்லைடு முழுசா முன்னால் போய் மூடலையா? கட்டைவிரல் பக்கவாட்டில் உரசி வேகத்தைத் தின்னுடுச்சு. வெறும் தோல் வழுக்கி விலகும், கையுறை பிடிச்சு இழுக்கும். தீர்வு ஒண்ணுதான்: ரெண்டு கட்டைவிரலையும் ஸ்லைடிலேர்ந்து விலக்கி, கொஞ்சம் கீழே பார்க்கிற மாதிரி வைங்க.

மேகசின் போடும்போது குட்டைப் பிடித் துப்பாக்கிகளில் உள்ளங்கைத் துணி பிடியோட அடிவிளிம்புக்கும் மேகசின் அடித்தட்டுக்கும் நடுவே கிள்ளப்படும். மேகசின் உட்கார்ந்த மாதிரி இருக்கும், பூட்டியிருக்காது. முதல் வெடிக்கு அப்புறம் கீழே விழும். கையுறையோட மேகசின் போட்டா உள்ளங்கையால தட்டி ஏத்தினதும் ஒரு தடவை கீழே இழுத்துப் பாருங்க.

ஸ்லைடு இழுக்கிறப்போ மேலேயிருந்து நாலு விரலும் ஒரு பக்கம், உள்ளங்கை மறுபக்கம்னு முழுக் கையால பிடிங்க. கையுறையில் நெம்புகோலைத் தேடி அழுத்துறதை விட இது நம்பகம். ஆனா விரல் காலித்தோட்டா வெளியேறுற ஜன்னலை மூடக்கூடாது. விரல்நுனித் துணி அந்த ஜன்னலுக்குள்ளே போனா ஸ்லைடு அதைக் கடிச்சுக்கிட்டு நிக்கும்.

சேஃப்டி நெம்புகோல் உள்ள துப்பாக்கின்னா, சின்ன நெம்புகோலைக் கையுறை கண்டுபிடிக்காது. இரண்டு பக்கமும் நீட்டிக்கிட்டிருக்கிற பெரிய நெம்புகோலைக் கோட்டு உரசியே தட்டிவிட்டுடும். தினமும் வீடு வந்ததும் அது எந்த நிலையில் இருக்குன்னு பாருங்க.

---

பனிமூட்டம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. திரும்ப ஹோல்ஸ்டரில் வைப்பதைப் பற்றி இன்னும் யாரும் விரிவாகச் சொல்லவில்லை.

---

தோல்பை எழுதியது:

அதுதான் இந்த இழையிலேயே ஆபத்தான இடம். எடுக்கும்போது அவசரம் இருக்கலாம், வைக்கும்போது அவசரமே கிடையாது. ஆனாலும் வைக்கும்போது தவறுதலாக வெடிப்பது அடிக்கடி நடக்கிறது.

குற்றவாளி யார் தெரியுமா? பார்காவின் இடுப்பு நாடா, அதன் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் பூட்டு. அந்தப் பூட்டு ட்ரிகர் கார்டுக்குள் நுழையச் சரியான அளவு. அது ஹோல்ஸ்டர் வாயில் தொங்கிக்கொண்டிருக்க, மேலிருந்து துப்பாக்கியை அழுத்தினால் பூட்டு ட்ரிகரைப் பின்னால் தள்ளும், குழல் உங்கள் தொடையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இன்றைக்கே அந்த நாடாவை உருவி எடுங்கள். உருவ முடியாவிட்டால் துப்பாக்கிப் பக்கத்து நுனியை அறுத்து, துளைக்குள் முடிச்சுப் போட்டுத் தைத்துவிடுங்கள். ஃப்ளீஸின் கீழ்விளிம்பு நாடாவும் அப்படியே.

முறை இது. விரல் ஸ்லைடின் பக்கவாட்டில் நேராக. இடது கையால் கோட்டு முழுவதையும் மார்புக்குத் தூக்கி அங்கேயே பிடிக்கணும். தலையைக் குனிந்து ஹோல்ஸ்டர் வாயைக் கண்ணால் பார்க்கணும். பார்க்காமல் வைப்பது சாமர்த்தியம் இல்லை. இடுப்பை எதிர்ப்பக்கம் சாய்த்தால் குழல் உடம்பை விட்டு விலகும். மெதுவாக இறக்குங்கள். எதிர்ப்பு தெரிந்தால் அழுத்தாதீர்கள், வெளியே எடுத்து மறுபடி பாருங்கள். கையுறைக் கைக்கு அந்தச் சின்ன எதிர்ப்பு தெரியவே தெரியாது, அதனால்தான் வைக்கும்போது வலது கையில் கையுறை இருக்கவே கூடாது என்கிறேன். மெல்லியதும் கூடாது.

---

சுழல்_ஐந்து எழுதியது:

தோல்பை சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கலாம். சுத்தியல் உள்ள துப்பாக்கின்னா, பெருவிரலை சுத்தியல் மேலே வெச்சுக்கிட்டே இறக்குங்க. ட்ரிகரை ஏதாவது தள்ளினா சுத்தியல் எழும்பும், பெருவிரலுக்குத் தெரிஞ்சிடும். க்ளாக்குக்கு அதே வேலையைச் செய்ற பின்தகடு தனியா விற்கிறாங்க: ட்ரிகர் அசைஞ்சா தகடு பின்னால் எழும்பும். அதுவும் வெறும் பெருவிரலுக்குத்தான் உணரும்.

---

செல்வி_டுலூத் எழுதியது:

காலையில் கோட்டு, ஃப்ளீஸ் எல்லாம் போட்ட பிறகு துப்பாக்கியைத் தனியா ஹோல்ஸ்டரில் சொருகாதீங்க. ஹோல்ஸ்டரைக் கழற்றி மேசையில் வெச்சு, பாதுகாப்பான திசை பார்த்து, துப்பாக்கியை அதில் பூட்டி, ஹோல்ஸ்டரோட சேர்த்து பெல்ட்டில் மாட்டுங்க. அப்புறம் கோட்டு. ட்ரிகர் மூடின பிறகுதான் துப்பாக்கி உடம்புக்கே வரும். இரவில் கழற்றும்போதும் ஹோல்ஸ்டரோடவே.

தோட்டா நிரப்புறது, இறக்குறது, சேம்பர் பார்க்கிறது இதெல்லாம் கையுறையோட செய்யவே கூடாது. கையுறை விரலால் சேம்பரைத் தடவினா அங்கே ரவுண்ட் இருக்கா இல்லையான்னு தெரியாது. வெளியே இருட்டில், குளிரில் நிச்சயமா தெரியாது.

---

எண்ணெய்ச்சொட்டு எழுதியது:

எண்ணெயும் தண்ணியும் பத்தி எழுதாம போக மனசு வரலை.

கோட்டுக்குள்ளே துப்பாக்கி உடம்புச் சூட்டில் இருக்கு. வியர்வை ஈரமும் அங்கேதான். வெளியே எடுத்து மைனஸ் 20-ல் வெச்சிருந்தா அந்த ஈரம் உறைஞ்சிடும். எதிர்ப்பக்கம்: ராத்திரி முழுக்கக் காரில் குளிர்ந்த துப்பாக்கியை வீட்டுக்குள்ளே கொண்டுவந்தா, ஃப்ரிட்ஜிலேர்ந்து எடுத்த சொம்பு மாதிரி உள்ளும் புறமும் தண்ணி கோர்க்கும். அதைத் துடைக்காம மறுபடி குளிருக்குக் கொண்டுபோனா உள்ளே பனி. அதனால் காரில் விட்டு வைக்காதீங்க. திருட்டுப் பயம் வேற. குளிர்ந்த துப்பாக்கி உள்ளே வரணும்னா காற்றுப் புகாத பையில் மூடி, அறைச் சூட்டுக்கு வர்ற வரைக்கும் ஒண்ணு ரெண்டு மணி நேரம் திறக்காதீங்க. தண்ணி பைக்கு வெளியே கோர்க்கும்.

எண்ணெய் குறைவா. ஸ்லைடு ஓடுற நாலு தண்டவாளத்துக்கும் ஆளுக்கு ஒரு சொட்டு, குழல் மேல விரலால ஒரு தடவல். கிரீஸ் பனிக்காலத்தில் வேண்டாம், பசையாகும். ஸ்ட்ரைக்கர் (தோட்டாவைத் தட்டுற ஊசி) ஓடுற துளையில் எண்ணெயே கூடாது, காய்ஞ்சிருக்கணும். அங்கே எண்ணெய் கெட்டியானா ஸ்ட்ரைக்கர் மெதுவா போய்த் தட்டும், ப்ரைமரில் (தோட்டா அடியில் தட்டு வாங்கிப் பற்றவைக்கிற மூடியில்) லேசான பள்ளம் விழும், வெடிக்காது. அமெரிக்க ராணுவம் கடுங்குளிருக்குன்னே தனி ஆயுத எண்ணெய் வெச்சிருக்கு; நமக்கு மைனஸ் 40 தாங்கும்னு போட்டிருக்கிற செயற்கை எண்ணெய் போதும். சமையல் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டுப் போயிடுங்க.

ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டுற குறிக்கண்ணாடி) வெச்சிருக்கிறவங்க: கோட்டுக்குள்ளேயிருந்து வெளியே வந்ததும் கண்ணாடியில் மூச்சுக்காத்து படாம பாருங்க, உடனே மங்கிடும். ஒளி தானா மாறுற ரகத்தில் வெள்ளைப் பனி மேலே பிடிச்சா சமயத்தில் புள்ளி தேவைக்கு மங்கலா இருக்கும், கையால வைக்கிற நிலை இருந்தா அதில் வைங்க.

---

வடகாற்று எழுதியது:

பயிற்சி வரிசை ஒன்று சொல்லிவிடுகிறேன். தோட்டா இல்லாமல் வீட்டில், பார்கா, மிட்டன், எல்லாம் போட்டு, தினம் பத்து தடவை, பத்து நாள். வேகம் பார்க்காதீர்கள். மிட்டனை உதறுவது, கோட்டைத் தூக்குவது, முழுப்பிடி, எடுப்பது: இந்த நாலும் ஒன்றை ஒன்று முட்டாமல் வர வேண்டும். பிறகு ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களத்தில்), மெல்லிய கையுறையோடு, முதலில் மேகசினில் ஒரே ரவுண்ட், பிறகு இரண்டு. இரண்டாவது ரவுண்ட் தானாகச் சேம்பருக்குப் போகிறதா, ட்ரிகர் திரும்பக் கோர்க்கிறதா என்று அப்போது தெரியும். 50 ரவுண்ட் போதும். உள்ளரங்க ரேஞ்சில் கோட்டோடு ஹோல்ஸ்டரிலிருந்து எடுக்க விடுவார்களா என்று முன்பே கேளுங்கள், பல இடத்தில் அனுமதி இல்லை.

---

பனிமூட்டம் எழுதியது:

தோல்பை சொன்ன சோதனையைச் செய்தேன். 150 கிராம் கையுறை முதல் படியிலேயே தேறவில்லை. ஆட்டுத்தோல் இருபதுக்கு இருபது. நாடாவை உருவியாயிற்று. கடைசியாக ஒன்று: வலது கைக்கு மிட்டனும் உள்ளே ஆட்டுத்தோலும் என்றால், இடது கைக்குப் பழைய தடித்த கையுறையே இருக்கலாமா?

---

எண்ணெய்ச்சொட்டு எழுதியது:

கோட்டைத் தூக்கத் தடித்ததே வசதி, முஷ்டியா அள்ளுறதால நுணுக்கம் வேணாம். ரெண்டு கையால பிடிக்கும்போதுதான் தொந்தரவு: தடித்த இடது கட்டைவிரல் 43எக்ஸ் மாதிரி ஒல்லி ஸ்லைடில் நிச்சயம் உரசும். தடித்ததையே போடுறீங்கன்னா இடது கட்டைவிரலை வலது கட்டைவிரல் மேலே மடக்கிக் கீழே அமுக்கிப் பிடிங்க, பழைய ரிவால்வர் பிடி மாதிரி. குறி கொஞ்சம் இடது வலது போகும், ஸ்லைடு நிக்காது. ஸ்லைடுக்குப் பின்னால் மட்டும் அந்தக் கட்டைவிரலைக் கொண்டுபோயிடாதீங்க, திரும்பி வர்ற ஸ்லைடு கையுறையோட சேர்த்து விரலையும் கடிக்கும்.